வெளியே போகாத பதினோரு நிமிடம்

அத்தியாயம் 17

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு மாமியார் எழுந்துபோன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். "அந்தம்மா ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தால்தான் என்ன?" என்று வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் என்ன எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள் என்று தெரிந்தால் அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி. சின்ன ஊர் ஒன்றில், சைக்கிள் கடைக்கு மேலே, நான்கே அறைகளில் ஒரு வானொலி நிலையம். மாமனார் ஆரம்பித்தது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது; உரிமம் இப்போது மாமியார் பெயரில். மகன் மேனேஜர். மருமகள் டெக்னீஷியன். பத்து வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற அன்று நிலையம் தன் வரலாற்றைத் தானே ஒலிபரப்ப வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் நேயர்கள் போன் செய்து ஆட்சேபணை சொல்லலாம். அதிகாரி ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். அந்த நாள் இன்று. காலை பதினோரு மணிக்கு.

மேனேஜர் எழுதிய நான்கு பக்க வரலாற்றில்தான் மாமியார் கையெழுத்துப் போடவில்லை. "நானே நேர்ல பேசிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

*

ஒன்பது மணிச் செய்தியை வாசித்து முடித்துவிட்டு மாமியார் ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்தார். அறுபத்தேழு வயது. ஊருக்கு அவர் 'காலை அக்கா'. அவரைவிடப் பத்து வயது மூத்த கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கூச்சப்படாமல் "சொல்லு தம்பி" என்பார்.

மருமகள் மேசையடியில் படுத்துக்கொண்டு ஒரு வயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்க வந்தவள், அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டாள். கல்யாணத்தன்று காலையில் ஒலிபரப்பு நின்றுபோய், தாலி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்புவரை சால்டரிங் கம்பியும் கையுமாக இருந்தவள் என்று அவளைப் பற்றி ஊரில் இன்னும் கேலி உண்டு.

"வெளியே வா, பேசணும்" என்றார் மாமியார்.

"இங்கேருந்தே கேக்குது அத்தை."

"முகத்தைப் பார்த்துச் சொல்ற விஷயம்."

மருமகள் முழங்கையால் நகர்ந்து வெளியே வந்தாள். மாமியார் நான்கு பக்கக் காகிதத்தை அவள் மடியில் வைத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"மூணு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கார் அத்தை" என்றாள் மருமகள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். பரீட்சையிலகூட இவ்வளவு எழுதினதில்ல. ஒரே ஒரு வரிதான் பொய். படி."

மருமகள் படித்தாள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்த அன்று நிலையத்துக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்றிருந்தது. ஊர் முழுக்க அதைத்தான் நம்பியிருந்தது. அவளும்தான்.

"வந்துது. காலையில ஆறு நாப்பதுக்கு வந்துது" என்றார் மாமியார். "அணை வாட்ச்மேன் சைக்கிளை மிதிச்சுட்டு வந்து சீட்டை என் கையில குடுத்தான். மதகைத் திறந்துட்டாங்க, எட்டேகாலுக்குள்ள பள்ளத்தெருவுல தண்ணி ஏறும்னு எழுதியிருந்துது. ஏழு மணிக்கு ஒலிபரப்பு ஆரம்பிச்சதும் நான் உள்ள போய் உட்கார்ந்து படிச்சேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. பள்ளத்தெரு, ஆத்தோரத் தெரு, மர டிப்போ, எல்லாரும் ஸ்கூல் மாடிக்குப் போங்கன்னு பதினோரு நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினேன்."

"அப்ப எச்சரிக்கை குடுத்திருக்கீங்களே அத்தை. இதுல மறைக்க என்ன இருக்கு?"

"வெளியே போகல."

மருமகளுக்குச் சட்டென்று புரியவில்லை. டெக்னீஷியன் புத்திதான் முதலில் வேலை செய்தது. "மைக் பழுதா?"

"மைக் நல்லாத்தான் இருந்துது. உங்க மாமா அந்தப் பக்கம் மேசையில இருந்தார். சிவப்பு லைட் எரிஞ்சுது. போகுதான்னு கேட்டேன். கண்ணாடி வழியா தலையாட்டினார். ஃபேடரை மட்டும் ஏத்தல."

ஃபேடர் என்பது மேசையில் மேலும் கீழும் நகரும் ஒரு சின்னப் பிடி. மேலே தள்ளினால் குரல் ஊருக்குப் போகும். கீழே இருந்தால் அந்த அறைச் சுவரைத் தாண்டாது. இந்த நிலையத்தில் சிவப்பு விளக்குக்குத் தனி சுவிட்ச். மாமனார் காலத்து வயரிங். அதை மாற்ற மருமகள் மூன்று தடவை கிளம்பினாள். மூன்று தடவையும் "அப்பா பண்ணதைத் தொடாதே" என்று கணவன் தடுத்துவிட்டான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மத்தியானம் ஸ்கூலுக்கு ஓடினேன். குழந்தையைப் பறிகொடுத்துட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தா. காலையிலேயே சொன்னேனே, கேக்கலையான்னு அவகிட்ட கேட்டேன். பாட்டுதானே போச்சு அக்கான்னா. பக்கத்துல இருந்தவளும் அதையே சொன்னா. அன்னைக்கு ஒன்பது பேர். வீட்டுக்கு வந்து கேட்டதும் அவர் ஒத்துக்கிட்டார். யாரோ போன் பண்ணி உத்தரவு போட்டானாம், ஜனங்க பயந்து ஓடி நெரிசலாகும், மூச்சு விடாதேன்னு. யாருன்னு சாகற வரைக்கும் சொல்லல."

"நீங்க ஏன் அத்தை சொல்லல?"

மாமியார் காகிதத்தை வாங்கி நான்காக மடித்தார்.

"கோழைத்தனம்தான். நிலையம் போயிடும்னு பயம், அவர் பேர் கெட்டுடும்னு பயம். அப்புறம் இவன் வளர்ந்தான், அப்பா அப்பான்னு உயிரை விட்டான். இவனுக்குத் தெரியவேணாம்னு இருந்தேன். இப்ப என்னடான்னா அந்தப் பொய்க்குக் கீழயே கையெழுத்துப் போடச் சொல்றான். அதைப் பண்ணமாட்டேன்."

"உரிமம் போயிடும் அத்தை."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? நீ மைக்கை மட்டும் பார்த்துக்க."

மாமியார் மருமகளிடம் ரகசியம் சொல்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றாதே என்றும் கேட்டுக்கொள்கிற வீடு இது ஒன்றுதான் இருக்கும்.

*

பத்தேகாலுக்கு அதிகாரி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், தடியான கோப்பு. முன்னறையில் ஒரு நாற்காலியும், அவர் கேட்பதற்கென்று ஒரு வானொலிப் பெட்டியும், ஒரு கப் டீயும் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மேனேஜர் மனைவியை டிரான்ஸ்மிட்டர் இருக்கிற பின்னறைக்குக் கூப்பிட்டான். புதுச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. முதுகு மட்டும் நனைந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்க. நாலு பக்கத்தையும் நான் படிச்சு ரெக்கார்டு பண்ணி வச்சுட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கு. பதினோரு மணிக்கு அதை ஓட்டிடு."

"அத்தை பேசறேன்னு சொல்லியிருக்காங்களே."

"பேசட்டும். உள்ள உட்கார வை, லைட்டைப் போடு. ஃபேடரை மட்டும் ஏத்தாதே. அம்மா மனசாரப் பேசிட்டு வரட்டும், ஊருக்கு ரெக்கார்டு போகட்டும். யாருக்கும் நஷ்டமில்ல."

அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள் அவள்.

"இந்த யோசனை உங்களுக்கு எங்கேருந்து வந்துது?"

அவன் டிரான்ஸ்மிட்டரின் முள்ளைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். ஒன்பது வருடக் குடித்தனத்தில், அவன் பொய் சொல்வதற்கு முன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அன்று அவன் பொய் சொல்லவில்லை.

"அப்பா சொன்னார். ஆஸ்பத்திரியில, கடைசி வாரத்துல. அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். அம்மா இன்னும் அன்னைக்கு எச்சரிக்கை வெளியே போச்சுன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க. இன்னைக்கு அதைச் சொன்னா, எங்களுக்குக் கேக்கலையேன்னு பள்ளத்தெருவுலேருந்து போன் வரும். இந்த வயசுல, எல்லார் முன்னாடியும், கட்டின புருஷன் ஏமாத்திட்டார்னு தெரிஞ்சா தாங்குவாங்களா? நீயே சொல்லு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே ரகசியத்தை, தாய் மகனுக்குத் தெரியாமலும் மகன் தாய்க்குத் தெரியாமலும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

"அத்தைக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கு மத்தியானத்துலேருந்தே தெரியும். உங்களுக்குத் தெரியவேணாம்னுதான் வாயைத் திறக்கல."

அவன் பழைய பேட்டரிப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான். புதுச் சட்டையில் அழுக்குப் படுவதைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்தபோது அவன் கணவனாக எழவில்லை, மேனேஜராக எழுந்தான்.

"அப்ப இன்னும் மோசம். தெரிஞ்சே சொல்லப் போறாங்க. அந்த ஆள் ஒரு வரி எழுதினாப் போதும், நாளைக்கு இந்த இடத்துல பூட்டுதான். அப்பா கட்டின நிலையம் இது. மேனேஜராச் சொல்றேன், ஃபேடர் கீழயே இருக்கட்டும்."

"உங்கப்பா பண்ணதையே என்னையும் பண்ணச் சொல்றீங்க."

"நிலையத்தைக் காப்பாத்தச் சொல்றேன்."

"அவரும் அன்னைக்கு அப்படித்தான் நினைச்சிருப்பார்."

அவன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். முன்னறையில் அதிகாரியிடம், "இன்னொரு டீ சார்?" என்று கேட்கிற குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வானொலிக்காரன் மகன் அல்லவா.

அவனைக் கெட்டவன் என்று யாரும் முத்திரை குத்திவிட வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த நான்கு அறைகள்தான் அவனுக்கு உலகம். அது கையைவிட்டுப் போகும் என்றால் யாருக்கும் புத்தி தடுமாறத்தான் செய்யும். அதற்காக அவன் சொன்னது சரியாகிவிடாது, அதுவும் உண்மை.

*

பத்து ஐம்பத்தெட்டு.

மாமியார் ஸ்டூடியோவுக்குள் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், மேசை முன்னால் மருமகள். கம்ப்யூட்டர் திரையில் கணவனின் பதிவு காத்திருந்தது. ஒரு விசையைத் தட்டினால் போதும்.

அவள் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தது அவளுடைய ஆபரேட்டர் சான்றிதழ். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. உத்தரவு யாருடையதாக இருந்தாலும், ஒலிபரப்பாகும் நேரத்தில் மேசையில் இருப்பது யார் கையோ அவர்தான் பொறுப்பு. தப்பு நடந்தால் போவது அந்தச் சான்றிதழ். அது போனால் அவள் எந்த ஊரிலும் எந்த நிலையத்திலும் மேசை முன்னால் உட்கார முடியாது. புருஷனை எதிர்த்துக்கொண்டால் வீட்டில் ஒரு வாரம் முகம் தூக்கிக்கொண்டிருப்பான், பிறகு சரியாகிவிடும். சான்றிதழ் அப்படித் திரும்பி வராது.

மாமனாரை அவள் நினைத்துக்கொண்டாள். முதன்முதலாக வேலைக்கு வந்த அன்று, "பொம்பளைப் பிள்ளை டவர்ல ஏறுமா?" என்று ஊரே சிரித்தபோது, "ஏறித்தான் பார்க்கட்டுமே" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அவர். அந்தக் கைதான் அன்றைக்கு இந்த மேசையிலும் இருந்திருக்கிறது. அவர்மேல் அவளுக்குக் கோபம் பொங்கியது. பாசமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, நேரமும் இல்லை.

அவள் எழுந்து கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பதினொன்று. நேர ஒலி முடிந்தது. சிவப்பு விளக்கைப் போட்டாள். ஃபேடரை மேலே, கோடு இருக்கிற மட்டும் தள்ளினாள். அவ்வளவுதான் வேலை. சுண்டுவிரல் பலம்கூடத் தேவைப்படவில்லை.

தலையாட்டினாள்.

மாமியார் பேசவில்லை. விளக்கைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி, ஐந்து நொடி. வானொலியில் ஐந்து நொடி மௌனம் என்றால் ஊரில் பாதிப் பேர் பெட்டியைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"போகுதா?" என்றார் மாமியார்.

மருமகள் மறுபடியும் தலையாட்டினாள்.

"தலையாட்டாதே. தலையாட்டினதை நான் ஒரு தடவை பார்த்தாச்சு. லைட்டையும் பார்த்தாச்சு. எனக்கு நிச்சயமாத் தெரியணும். தெரியாம நான் வாயைத் திறக்கமாட்டேன்."

வாயைத் திறக்கமாட்டேன் என்று அவர் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது என்பது அவருக்குத் தெரியாது. காய்கறிக் கடையில் ஒருத்தி தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாளாம். கீழே சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்தாராம்.

இந்த மனுஷியை எப்படி நம்பவைப்பது? சத்தியம் செய்தால் நம்பமாட்டார். மருமகள், சிக்னல் சரிபார்க்க வைத்திருக்கும் சின்னக் கை ரேடியோவை எடுத்தாள். சத்தத்தை முழுக்க வைத்துக்கொண்டு, ஸ்டூடியோக் கதவைத் திறந்து நேராக மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

வீல் என்று ஓர் ஊளை கிளம்பியது. மைக் பேசுவது ரேடியோவில் வந்து, ரேடியோவில் வருவது மறுபடி மைக்கில் ஏறி, சுற்றிச் சுற்றி வளர்ந்துகொண்டே போகிற ஊளை. குரல் நிஜமாகவே காற்றில் ஏறிப்போய்த் திரும்பி வந்தால்தான் அந்தச் சத்தம் வரும். ஃபேடர் கீழே இருந்தால் எந்தக் கொம்பனாலும் அதை வரவழைக்க முடியாது. டெக்னீஷியன்கள் அலறி அடித்துக்கொண்டு தவிர்க்கிற அந்தச் சத்தத்தை அவள் மூன்று நொடி முழுசாக ஒலிக்க விட்டாள். பிறகு ரேடியோவை அணைத்தாள்.

முன்னறையில் அதிகாரியின் கையிலிருந்த டீ கோப்பின்மேல் கொட்டியது.

மாமியாரின் முகம் மாறியது. அழுதுவிடுவாரோ என்று மருமகள் பயந்தாள். அவர் அழவில்லை. நாற்காலியை மைக்குக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சத்தம் போட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. எனக்கு வேற வழி தெரியல" என்று ஆரம்பித்தார். "நான் காலை அக்கா பேசறேன். இந்த நிலையத்தோட வரலாறுன்னு நாலு பக்கம் எழுதியிருக்காங்க. எப்ப டவர் போட்டோம், எப்ப பெரிய மனுஷங்க வந்தாங்கன்னு எல்லாம் இருக்கு. அதை இன்னொரு நாள் படிக்கலாம். அதுல இல்லாத பதினோரு நிமிஷத்தை இன்னைக்குச் சொல்றேன்."

அவர் சொன்னார். சீட்டு வந்த நேரத்தைச் சொன்னார். யார் கொண்டுவந்தது என்று சொன்னார். படித்ததை, அதே வார்த்தைகளில், அதே தெருப் பெயர்களோடு மறுபடியும் படித்துக் காட்டினார். இருபத்தாறு வருடமாக ஒரு எழுத்துகூட மறக்கவில்லை அந்த மனுஷி.

வெளியே கதவு தடதடத்தது. "திற. நான் சொல்றேன் இல்ல, திற" என்று மேனேஜரின் குரல். மருமகள் திரும்பவில்லை. கையை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டாள். வேலை போகட்டும், சான்றிதழ் போகட்டும், அத்தை முடிக்கிற வரைக்கும் இந்தப் பிடி இறங்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் பேசினது வெளியே போகல" என்றார் மாமியார் மைக்கில். "போகவிடாதவர் என் வீட்டுக்காரர். அவர் கெட்டவர் இல்ல, அது உங்களுக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு அவர் பண்ணது தப்பு. தெரிஞ்சும் நான் மூடி மறைச்சது அதைவிடப் பெரிய தப்பு. ஒண்ணேகால் மணி நேரம் இருந்துது. நடந்தே போயிருக்கலாம் எல்லாரும். முன்னறிவிப்பு கிடைக்கலைன்னு இனிமே இந்த நிலையம் சொல்லாது. சொல்ல நான் விடமாட்டேன். என் உரிமத்தை எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்கட்டும். என் வாயை எடுத்துக்க முடியாது."

கதவு தட்டுவது எப்போது நின்றது என்று மருமகள் கவனிக்கவில்லை.

"ஆட்சேபணை நேரம் இப்பத் தொடங்குது" என்றார் மாமியார். "முதல் ஆட்சேபணை என்னோடது. அதிகாரி ஐயா, எழுதிக்குங்க."

*

பாட்டு ஒன்றை ஓடவிட்டுவிட்டு, "அவருக்கும் தெரியும் அத்தை, மாமா சொல்லியிருக்கார்" என்று சொல்லிக்கொண்டே மருமகள் தாழ்ப்பாளைத் திறந்தாள். வாசலில் அவள் கணவன் நின்றான். கண் சிவந்திருந்தது. அவளைத் தாண்டித் தாயைப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமாமே" என்றார் மாமியார்.

"தெரியும்மா."

"முட்டாப் பயலே. என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

அதிகாரி கைக்குட்டையால் கோப்பைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"உரிமதாரரே தன் நிலையத்துமேல ஆட்சேபணை சொல்ல விதி இருக்கான்னு பார்த்தேன்" என்றார். "கூடாதுன்னு எங்கயும் போடல. எழுதிக்கிட்டேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். சமர்ப்பிச்ச பிரதி ஒண்ணு, ஒலிபரப்பானது இன்னொண்ணு. இதுக்கு யார் பொறுப்பு? இந்தப் படிவத்துல மேசையில இருந்தவங்க ஒரு கையெழுத்து, மேனேஜர் ஒரு கையெழுத்து. மேனேஜருக்குச் சம்மதமில்லாம நடந்துதுன்னா, அவர் போட வேண்டாம். நடவடிக்கை ஆபரேட்டர் மேல மட்டும்தான் வரும். நிலையத்துக்குப் பாதிப்பு இல்லாமப் பார்த்துக்கலாம்."

மனிதர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். தப்பிக்க ஒரு வாசல். மருமகளைத் தள்ளிவிட்டால் நிலையம் பிழைக்கும்.

"நான்தான் ஏத்தினேன். யாரும் சொல்லி இல்ல" என்று சொல்லி, மருமகள் பேனாவை வாங்கித் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைக் கணவனிடம் நீட்டினாள். கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அவன் வாங்கிக்கொண்டான். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது.

போன் அடித்தது. இரண்டு இணைப்பும் சேர்ந்தே அடித்தன. ஒன்றை மாமியார் எடுத்தார். பள்ளத்தெருவிலிருந்து ஓர் ஆண் குரல். எடுத்த எடுப்பிலேயே வசவு. எங்க அண்ணன் அன்னைக்கு ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தான், இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க என்று கத்தியது. "திட்டு தம்பி" என்றார் மாமியார். "திட்டி முடி. அப்புறம் இதை அதிகாரிகிட்டயும் சொல்லு." ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

இன்னொன்றை மேனேஜர் எடுத்தான், பேனாவைக் கையில் பிடித்தபடியே.

வயதான பெண் குரல். நிதானமாகப் பேசியது. பக்கத்தில் நின்ற மருமகளுக்கும் தெளிவாகக் கேட்டது.

"நான் ஆட்சேபணை சொல்ல வரல தம்பி. நான் அந்தக் காலத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். அன்னைக்குக் காலையில ஆறு நாப்பத்தெட்டுக்கு உங்க நிலையத்துக்கு ஒரு கால் வந்துது. இணைச்சுக் குடுத்தது நான்தான். இணைச்சதும் நான் லைன்லேருந்து விலகியிருக்கணும், விலகல. முழுசாக் கேட்டேன். உங்கப்பா ஒத்துக்கல தம்பி. மூணு தடவை முடியாதுன்னு சொன்னார். அதுக்கப்புறம் அந்த ஆள் உன் பேரைச் சொல்லி மிரட்டினான். அந்தக் குரல் யாருதுன்னு எனக்குத் தெரியும். அவர் இன்னும் இதே ஊர்லதான் இருக்கார், பெரிய மனுஷனா."

மேனேஜரின் முகம் வெளிறிப்போனது. அவன் தாயைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, லைன்ல இருக்கியா? பேரை உன்கிட்ட மட்டும் சொல்லிடறேன். அப்புறம் உன் இஷ்டம்."

"வேணாம்மா" என்றான் அவன். "என்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

காதிலிருந்த போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து தன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். பிறகு மனைவியை நகரச் சொல்லி மேசை முன்னால் தானே உட்கார்ந்தான். பாட்டைப் பாதியில் நிறுத்தினான். போன் இணைப்பை மேசைக்கு மாற்றி, அந்தப் பிடியைக் கோடு இருக்கிற மட்டும் மேலே தள்ளினான்.

"இப்பச் சொல்லுங்கம்மா. ஊர் கேட்டுட்டிருக்கு."